முப்பத்திரண்டு முன்னுரையும் ஒரே மாதிரி இருந்தால்?

கேள்வி: வணக்கம் ஐயா. முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு எழுத்துத் தாள் எடுக்கிறேன். மூன்று வருடமாக இலக்கணம், நிறுத்தக்குறி, மேற்கோள் காட்டும் முறை என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். வாக்கியங்கள் திருந்தின, கட்டுரைகள் திருந்தவில்லை. இந்தப் பருவத்தில் வகைமை (genre, அதாவது விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை போன்ற எழுத்து வகை) வழியாகக் கற்பிக்கலாம் என்று முடிவெடுத்து, ஆய்வுக் கட்டுரை முன்னுரையின் மூன்று நகர்வுகளை (moves, முன்னுரை படிப்படியாகச் செய்யும் வேலைகள்) விளக்கி, ஒரு மாதிரியையும் கையில் கொடுத்தேன். முப்பத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனையும் ஒன்றுபோல இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டாம் பத்தி “ஆயினும் இத்துறையில் ஆய்வுகள் மிகக் குறைவாகவே உள்ளன” என்றுதான் தொடங்குகிறது. சக ஆசிரியர் ஒருவர், “அச்சு வைத்தால் செங்கல்தான் வரும், அப்போதே சொன்னேன்” என்கிறார். வகைமை அணுகுமுறையையே விட்டுவிடலாமா, இல்லை நான் செய்ததில் ஏதும் பிழையா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

விட்டுவிட வேண்டாம். சரியான வழியில்தான் போயிருக்கிறீர்கள், நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த முப்பத்திரண்டு தாள்களை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்தது போலவே இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் அதே தாள்கள் என் மேசையிலும் கிடந்தன. நானும் ஒரு நல்ல முன்னுரையைப் படியெடுத்து, பத்திக்குப் பத்தி ஓரத்தில் பெயர் எழுதி, “இதுபோல எழுதுங்கள்” என்று கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கினேன். ஒரு மாணவி, மாதிரியில் இருந்த ஆய்வாளரின் பெயரைக்கூட அப்படியே தன் கட்டுரையில் வைத்திருந்தாள். அவள் எடுத்த தலைப்புக்கும் அந்த ஆய்வாளருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கூப்பிட்டுக் கேட்டேன். “அந்த இடத்தில ஒரு பேர் வரணும்தானே சார்?” என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. அந்த இடத்தில் ஒரு பெயர் வர வேண்டும் என்பதை மட்டும்தான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். அது எதற்காக வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் வகுப்பிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வடிவம் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்தத் தேவைக்காக அந்த வடிவம் உண்டானது என்பது சேரவில்லை.

ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, யாரிடமிருந்து, எந்தத் தேதிகளில், என்ன காரணம் என்ற வரிசை நமக்குத் தூக்கத்தில்கூட வரும். காரணத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினால் படிப்பவர் எரிச்சல்படுவார், தேதியை விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். படிப்பவர் ஒரு முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு என்னென்ன தேவையோ அதுதான் விண்ணப்பத்தின் வடிவம். சொல்லாட்சியியல் அறிஞர் கரோலின் மில்லர் 1984-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வகைமையை இப்படித்தான் விளக்கினார். மீண்டும் மீண்டும் வரும் ஒரு சூழலில் மனிதர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் செயல் அது, வடிவம் அதன் பின்னால் வருவது. வகைமை பற்றி நான் படித்ததில் வகுப்பறைக்கு அதிகம் உதவியது இந்த ஒரு கருத்துதான்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த மூன்று நகர்வுகள் மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் காட்டியவை. ஆய்வுக்களத்தை நிறுவுவது, அதில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் காட்டுவது, அந்த இடத்தில் போய் உட்காருவது. அவர் இதை எப்படிக் கண்டார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். 1981-இல் நான்கு நகர்வுகள் என்றார். பிறகு அவரே திருத்தி, 1990-இல் மூன்று என்றார். இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு விடுதலை உண்டாகும். கண்டுபிடித்தவரே மாற்றிக்கொண்ட ஒன்றை நாம் கல்லில் பொறித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

மாதிரி கொடுப்பதிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒரு மாதிரி கொடுத்தால் அது அச்சாகிவிடும். நான்கு கொடுத்தால் ஒப்பிட்டே ஆக வேண்டும், ஒப்பிடும்போதுதான் எது எல்லாவற்றிலும் இருக்கிறது, எது ஒருவருடைய விருப்பம் மட்டும் என்று தெரியும். அந்த நான்கில் ஒன்று, வழக்கத்தை மீறியும் நன்றாக இருக்கும் கட்டுரையாக இருக்கட்டும்.

நான் எப்போதும் எடுத்துப்போவது வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பைப் பற்றி 1953 ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையை. ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதன் முதல் வாக்கியமே ‘டி.என்.ஏ.வுக்கு ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம்’ என்ற பொருளில் தொடங்குகிறது. அதாவது மூன்றாவது நகர்வு முதலிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாலிங்கும் கோரியும் முன்பே ஓர் அமைப்பைச் சொல்லியிருப்பதை எடுத்து, அது ஏன் பொருந்தாது என்று இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். இன்னொருவருடைய அமைப்பு தெளிவாக வரையறுக்கப்படவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று ஒரே வரியில் நகர்கிறார்கள். அப்புறம் தங்கள் அமைப்பு.

இதைக் கொடுத்துவிட்டு, “ஏன் முதல் வரியிலேயே போட்டு உடைத்தார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு யாராவது, “படிக்கிறவங்களுக்கு டி.என்.ஏ. முக்கியம்னு முன்னாடியே தெரியும், அதைச் சொல்ல வேண்டியதில்லை” என்பார்கள். அந்த நிமிடம் வகுப்பு நகர்வு எண்களை விட்டு வாசகரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. களத்தை நிறுவுவது எதற்கு? இது முக்கியம் என்று வாசகருக்கு இன்னும் தோன்றாதபோது அதைத் தோன்ற வைப்பதற்கு. ஏற்கனவே தெரிந்தவரிடம் அரைப் பக்கம் அதையே சொன்னால் அவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்.

சரி, இப்போது நீங்கள் தாண்டிவிட்ட படிக்கு வருகிறேன்.

1980களில் சிட்னியில் ஜிம் மார்ட்டின், ஜோன் ராதரி முதலான மொழியியலாளர்கள் பள்ளிகளில் வேலை செய்தபோது ஒரு கற்பித்தல் சுற்று உருவானது. அதில் மூன்று கட்டங்கள். முதலில் ஒரு பனுவலைப் பிரித்துப் பார்ப்பது, பிறகு ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒன்று எழுதுவது, கடைசியில் மாணவர் தனியாக எழுதுவது. உங்கள் கடிதத்தில் முதலும் கடைசியும் இருக்கின்றன. நடுவில் உள்ளது இல்லை. அநேகமாக எல்லோரும் அதைத்தான் விடுகிறோம், ஏனென்றால் அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், கரும்பலகை முன்னால் ஆசிரியரே தடுமாற வேண்டியிருக்கும். ஆனால் கற்றல் நடப்பது அங்கேதான். முடிந்த கட்டுரையைப் பார்ப்பவனுக்கு அதை எழுதியவர் எங்கே நின்றார், எதை அடித்தார், எதற்காக வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார் என்று எதுவும் தெரியாது. சமைத்த சாதத்தைப் பார்த்து உலை வைக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். படுக்கை நேரத்தில் கைபேசி பார்ப்பதும் மாணவர்களின் உறக்கமும் என்று ஒரு பையன் தலைப்பு எடுத்திருந்தான். அவன் சம்மதத்தோடு அவனுடைய முன்னுரையைப் பலகையில் எழுதினேன். “உறக்கம் மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும். இன்றைய நவீன உலகில் கைபேசி அனைவரது வாழ்விலும் இரண்டறக் கலந்துவிட்டது. ஆயினும் இத்துறையில் ஆய்வுகள் குறைவாகவே உள்ளன.” உங்கள் மாணவர்கள் எழுதியதேதான்.

“எந்தத் துறையில் குறைவு? உறக்கம் பற்றியா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், உறக்கம் பத்தி நிறைய இருக்கு.”

“கைபேசி பற்றியா?”

“அதுவும் நிறைய இருக்கு.”

“அப்போ எது குறைவு?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். “நான் நாலு கட்டுரை படிச்சேன் சார். நாலுலயும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கைபேசி பாக்கறீங்கன்னுதான் கேட்டிருக்காங்க. படுத்த பிறகு பாக்கறதையும் அதுக்கு முன்னாடி பாக்கறதையும் பிரிச்சுக் கேக்கலை.”

“இதை ஏன் எழுதவில்லை?” என்றேன்.

“இதெல்லாம் எழுதலாமா சார்?”

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. தான் கவனித்த ஒன்று, தன் சொந்தச் சரக்கு, அது கட்டுரைக்குள் வரலாம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டுரை என்றால் பெரிய சொற்களால் நிரப்ப வேண்டிய ஒரு காலி இடம் என்று நினைத்திருந்தான்.

வகுப்பே சேர்ந்து அந்த வாக்கியத்தை எழுதியது. முதலில் ஒருத்தி, “இதுவரை எந்த ஆய்வும் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை” என்றாள். எழுதிவிட்டு, “எந்த ஆய்வுமேவா? நாலுதானே படித்தோம்?” என்றேன். அடித்தோம். “நாம் படித்த ஆய்வுகள்” என்றான் இன்னொருவன். உண்மைதான், ஆனால் நாம் நான்கு மட்டும் படித்தோம் என்பதில் வாசகருக்கு என்ன அக்கறை? மறுபடி அடித்தோம். கடைசியில் பலகையில் நின்றது இது: “இத்தலைப்பிலான ஆய்வுகள் பலவும் ஒரு நாளின் மொத்தப் பயன்பாட்டு நேரத்தையே அளக்கின்றன, படுக்கைக்குச் சென்ற பிறகான பயன்பாட்டைத் தனியே பிரிப்பதில்லை.” ‘பலவும்’ என்ற சொல்லை நியாயப்படுத்த இன்னும் தேட வேண்டும் என்று அவனே சொன்னான். போய்த் தேடினான். படுக்கை நேரப் பயன்பாட்டைத் தனியாகக் கேட்ட ஆய்வுகளும் இருக்கின்றன என்று அடுத்த வகுப்பில் வந்து சொன்னான். வாக்கியம் மறுபடி உடைந்தது. ஆனால் இந்த முறை அவன் கையில் உண்மையான ஒரு கேள்வி இருந்தது. அந்த ஆய்வுகளில் ஆட்கள் தாங்களே நினைவிலிருந்து நேரத்தைச் சொல்கிறார்கள், அது எவ்வளவு நம்பகமானது?

ஒரே ஒரு வாக்கியத்துக்கு ஒன்றரை வகுப்பு போனது. அந்த நேரம் வீணாகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். இடைவெளி என்பது எழுதும்போது சொல்லால் உண்டாக்குவது என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு, அது படித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உங்கள் மாணவர்கள் முப்பத்திரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். அவர்கள் எழுதத் தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் போதுமான அளவு படிக்கவில்லை, படிக்காததை மூடி மறைக்க அந்த வாக்கியம் வசதியாக இருக்கிறது.

இன்னொன்று. ‘ஆய்வுகள் குறைவு’ என்பது இரண்டாம் நகர்வைச் செய்யும் பல வழிகளில் ஒன்றுதான். ஸ்வேல்ஸே நான்கு வழிகளைச் சொல்கிறார். முன்னவர் சொன்னதை மறுக்கலாம், விடுபட்டதைக் காட்டலாம், ஒரு கேள்வியை எழுப்பலாம், அல்லது ஏற்கனவே நடக்கும் ஒரு பணியைத் தொடரலாம். நம் மொழியில் இது இன்னும் விரிவாகவே இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு பகுதி வரும், மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கருத்தைக் கொள்வது என்று ஏழு. முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியை எழுதும்போது மாணவர்களிடம் இந்த ஏழையும் கொடுத்து, “இந்தப் பத்தியில் நீ எதைச் செய்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். “ராமன் இப்படிக் கூறுகிறார், கண்ணன் இப்படிக் கூறுகிறார்” என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்களுக்கு, தாங்கள் இதில் எதையுமே செய்யவில்லை என்பது சட்டென்று உறைக்கும். அதே நன்னூல், சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் இந்த நூல் எதன் வழி வந்தது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, என்ன பயன் என்பவற்றையும் வைக்கிறது. முன்னுரைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. மாணவர்கள் இதைக் கேட்டால் நகர்வு என்ற சொல் மீதுள்ள அச்சம் குறையும்.

அடக்கி வாசிப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வு எழுத்தில் ‘இருக்கலாம்’, ‘எனத் தோன்றுகிறது’, ‘பெரும்பாலும்’, ‘இத்தரவுகள் காட்டும் அளவில்’ என்று வருவதை மாணவர்கள் தைரியக் குறைவு என்று நினைக்கிறார்கள். அதனால் ‘ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று முழங்குகிறார்கள். அல்லது, ஆசிரியர் சொன்னாரே என்று எல்லா வாக்கியத்திலும் ‘இருக்கலாம்’ போட்டுவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கையில் உள்ள சான்று எவ்வளவு கனமோ, சொல்லும் அவ்வளவு கனம். வாட்சனும் கிரிக்கும் தங்கள் கட்டுரையின் முடிவில், மரபுப்பொருள் தன்னைத்தானே படியெடுக்கும் வழி ஒன்றை, டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒன்றோடொன்று இணையும் விதம் உணர்த்துகிறது என்பது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்கள். அதற்கு அன்று அவர்களிடம் சோதனைச் சான்று இல்லை. உயிரியலின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்றைச் சொல்லும் இடத்தில் அவ்வளவு அடக்கம். வகுப்பில் இதைப் படித்துக் காட்டும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இனி உங்கள் சக ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவரை ஒதுக்கிவிடாதீர்கள், அவர் கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் துறையிலேயே ஏவிவா ஃப்ரீட்மன் 1993-இல் கிட்டத்தட்ட இதையே கேட்டார். வகைமையை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது தேவையா, அதனால் பயன் உண்டா? அது புழங்கும் சூழலுக்குள் ஊறி ஊறித்தானே வசப்படுகிறது? விதியாகச் சொன்னால் பொருந்தாத இடத்திலும் கொண்டுபோய்ப் போடுவார்களே? உங்கள் முப்பத்திரண்டு தாள்களைப் பார்த்தால் அவர் தலையாட்டியிருப்பார்.

ஆனால் ஊறுவதற்கு எல்லோருக்கும் ஒரே தண்ணீர் கிடைப்பதில்லை. வீட்டில் ஆய்வேடு எழுதிய ஒருவர் இருந்தால், சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே ‘உன் வாதம் என்ன, ஆதாரம் எங்கே’ என்பது காதில் விழுந்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அதை யார் சொல்வார்கள்? அந்தப் பிள்ளையின் கட்டுரையில் நாம் ‘ஆழம் போதாது’ என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிறோம். என்ன ஆழம், எவ்வளவு என்று சொல்வதில்லை. சிட்னியில் அவர்கள் வேலை செய்தது வசதி குறைந்த பிள்ளைகள் படித்த பள்ளிகளில். அங்கே பிள்ளைகளை எழுதச் சொன்னது பெரும்பாலும் கதையும் அனுபவமும்தான். அறிக்கையும் விளக்கமும் வாதமும் எழுத யாரும் கற்பிக்கவில்லை, ஆனால் மேல் வகுப்புகளில் கேட்டது அவற்றைத்தான். விதியை வாய்விட்டுச் சொல்வது ஒரு நியாயம் என்று அவர்கள் கண்டது அதனால்தான். நானும் அப்படித்தான் நம்புகிறேன். சொல்லாமல் விட்டால் படைப்பாற்றல் வளரும் என்பதை நான் பார்த்ததில்லை. முன்பே தெரிந்தவர்கள் ஜெயிப்பார்கள், அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அச்சு என்ற பயத்துக்கு நல்ல மருந்து வரலாறு. அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு ஆதியிலிருந்தே இருந்தது போல மாணவர்கள் நினைக்கிறார்கள். 1665-இல் அறிவியல் இதழான ‘ஃபிலாசஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ தொடங்கியபோது அதில் வந்த பல, கடிதங்களாகவே இருந்தன. நான்கு முக்கிய மருத்துவ ஆய்விதழ்களில் 1935 முதல் 1985 வரை வந்தவற்றை ஆராய்ந்த ஒரு பணி, இந்த நான்கு பகுதி அமைப்பு 1940களில் தலைகாட்டி, 1970களில் 80 விழுக்காட்டைத் தொட்டு, 1980களில்தான் அங்கே ஒரே அமைப்பாக ஆனது என்று காட்டுகிறது. நம் பெற்றோர் காலத்தில் உருவான வழக்கம் அது. கட்டுரைகள் பெருகின, வேண்டிய பகுதிக்கு நேராகப் போய்ப் படிக்கும் வாசகருக்கு அது வசதியாக இருந்தது. தேவை மாறினால் வடிவமும் மாறும். இது தெரிந்த மாணவன் வடிவத்துக்கு மரியாதை கொடுப்பான், கும்பிட மாட்டான்.

துறைக்குத் துறை வேறுபடுவதையும் அவர்களே பார்க்கட்டும். ஒவ்வொருவரும் தன் துறையிலிருந்து ஒரு கட்டுரை கொண்டுவரச் சொல்லுங்கள். இயற்பியல் கட்டுரையில் முன்னவர் பெயர் வாக்கியத்தில் வராமல் ஓர் எண்ணாக ஒதுங்கியிருக்கும், மெய்யியல் கட்டுரையில் அதே இடத்தில் பெயரே எழுவாயாக நின்று வாதாடும். ‘நான்’ என்று எழுதலாமா என்ற கேள்விக்கும் பதில் இப்படித்தான் கிடைக்கும். “எழுதக்கூடாது” என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் துறை என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்.

நாம் அடிக்கடி செய்யும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதிரியாகக் கொடுப்பது ஆய்விதழ்க் கட்டுரை, எழுதச் சொல்வது அசைன்மென்ட். இரண்டும் வேறு வகைமை. ஆய்விதழில் வாசகருக்குத் தெரியாததை எழுதியவர் சொல்கிறார். அசைன்மென்ட்டில் வாசகர் நீங்கள், உங்களுக்கு விஷயம் முன்பே தெரியும், தனக்கும் தெரியும் என்று மாணவர் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் ‘ஆய்வுகள் குறைவு’ என்று உங்களிடமே எழுதும்போது அது பொய்யாக ஒலிக்கிறது. முந்தைய வருட மாணவர்களின் நல்ல அசைன்மென்ட் இரண்டை, அவர்கள் அனுமதியோடு பெயரை எடுத்துவிட்டு, மாதிரிகளில் சேருங்கள். எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இருப்பதைப் பார்த்தால்தான் கை நீளும்.

மதிப்பெண் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. உங்கள் அளவுகோலில் ‘நகர்வு 2 உள்ளது - 5 மதிப்பெண்’ என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இருப்பதற்கு மதிப்பெண் என்றால் இருப்பது மட்டும்தான் வரும். நான் இப்போது அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைக்கிறேன்: ‘இந்தப் பத்தியைப் படித்த பிறகு, இந்த ஆய்வு நடந்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதா?’ ஆம் என்றால், எத்தனை நகர்வு, எந்த வரிசை என்று நான் எண்ணுவதில்லை.

இப்போது அந்த முப்பத்திரண்டு தாள்கள். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் உங்கள் அடுத்த வகுப்புக்கான பாடம். பிழை எதையும் திருத்தாமல் அப்படியே எடுத்துப் போங்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவருடைய இரண்டாம் பத்தியை மற்றவருடைய கட்டுரையில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கைபேசி பற்றிய கட்டுரையில் நீர் மாசு பற்றிய கட்டுரையின் பத்தி ஒரு சொல்லும் மாறாமல் உட்காரும். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் பத்தியை, வேறு யாருடைய கட்டுரையிலும் வைக்க முடியாதபடி ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுத வேண்டும். யாருக்காவது முடியாமல் போனால் அந்த ஒருவருடைய பத்தியைப் பலகையில் எழுதி, எல்லோருமாகச் சேர்ந்து முயலுங்கள். நீங்களும் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லி, அடித்து எழுதுங்கள். முதல் நாள் நான்கைந்து பேருக்குத்தான் வாக்கியம் அமையும். மற்றவர்களைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், எழுதிவிட்டு வரச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு மதிப்பெண் பட்டியலையும் வகுப்புக்கு எடுத்துப் போக வேண்டாம்.